ஸ்லைடு எங்கே?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. மேற்கே சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகின்றன. சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தால் கடலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் அதே இடத்தில் செம்மண் கலங்கிய நன்னீர் ஓடும். ஒரே கரையில் நின்றபடி ஒரு வருடத்துக்குள் கடலையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துவிடலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்தக் கரையில் அமைந்தது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த கொடை. 1980களில் அங்கே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட வேலை, அந்த ஆற்றின் டயாட்டங்களை இனம் கண்டு வகைப்படுத்துவது.

டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. மற்றப் பாசிகளிடமிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதன் கூடு. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடொன்றை அது கட்டிக்கொள்கிறது. கூடு இரண்டு பாதிகளாக இருக்கும். டப்பாவின்மேல் மூடி பொருந்துவதுபோல ஒரு பாதி மற்றதன் விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடிமேல் துளைகள், கோடுகள், வரம்புகள், முட்கள். எந்த இனத்துக்கு எந்த அமைப்பு என்பது பெரும்பாலும் உறுதியானது. செல் செத்துப் போனாலும் கூடு உடனே அழிவதில்லை; ஏரியின் அடிச்சேற்றில் ஆயிரக்கணக்கான வருடம் கிடக்கும். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றால் நடக்கிறது என்பது இன்றைய கணக்கு. நாம் இழுக்கும் மூச்சிலும், கடலில் விழும் வலையிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

மீனுக்கும் டயாட்டத்துக்கும் உள்ள உறவைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே படகில் கற்றுக்கொண்டேன். நீர் மாதிரி எடுக்க எங்களை அழைத்துப்போன பெரியவர் பள்ளிக்கூடம் போகாதவர். பங்குனி மாதத்தில் ஒருநாள் துடுப்பை நிறுத்திவிட்டு, "வலையெல்லாம் கொழகொழன்னு ஒட்டுது பாப்பா. உங்க சாமான் இன்னைக்கு நெறைய கெடைக்கும்" என்றார். அன்றைய மாதிரியில் கீட்டோசெராஸ் என்ற டயாட்டத்தின் சங்கிலிகள் பின்னிப் பிணைந்து கிடந்தன. பிற்பாடு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது ஆர். வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் 1955இல் எழுதிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. மலபார் கரையில் ஃப்ராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் பெருகுவது நெய்மத்தி வரவின் அடையாளம் என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். படகுக்காரர் விரலால் தடவிச் சொன்னதும், விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதும் ஒரே கடலைப் பற்றித்தான் என்று மனசுக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

மிதக்கும் டயாட்டங்களை நுண்கண் பட்டுவலையால் அரித்து எடுப்போம். வலையின் கண்ணைவிடச் சிறியவை நழுவிப் போய்விடும் என்பதால் ஒரு குப்பி நீரைத் தனியாக எடுத்து, லூகோல் அயோடின் சேர்த்துப் படியவிடுவோம். கல்லிலும் நாணலிலும் ஒட்டியிருப்பவற்றுக்குப் பல் துலக்கும் பிரஷ்தான் கருவி. தண்டை ஒரு தட்டில் வைத்துத் தேய்த்தால் பழுப்பு நீர் வடியும். அந்தப் பழுப்பில் லட்சக்கணக்கில் டயாட்டங்கள் இருக்கும். பிச்சாவரத்துச் சேற்றுக்கு வேறு முறை. நீர் இறங்கிய வேளையில் வெயில் பட்டதும் சேற்றின்மேல் பொன்பழுப்புப் படலம் ஒன்று எழுந்து வரும். சேற்றுக்குள் இருக்கும் டயாட்டங்கள் வெளிச்சம் தேடி மேலே ஊர்ந்து வருவதால் உண்டாவது அது. லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளைச் சேற்றின்மேல் விரித்துவிட்டுக் காத்திருந்தால் அவை தாளுக்குள் ஏறிவிடும். நீர் ஏறும் நேரம் நெருங்கினால் படலம் மறைந்துவிடும். அவை மறுபடி கீழே இறங்கியிருக்கும்.

என் பேராசிரியர் கடைப்பிடித்த முதல் விதி, எந்த மாதிரியையும் முதலில் உயிரோடு பார்க்க வேண்டும் என்பது. "கழுவின பிறகு கூடுதாம்மா மிஞ்சும். அது எப்படி வாழ்ந்துச்சுன்னு கூடு சொல்லாது" என்பார். அவர் சொல்லித்தான் பாசில்லேரியாவைப் பார்த்தேன். நீளக் குச்சி போன்ற செல்கள் பக்கம் பக்கமாக ஒட்டிக் கிடக்கும். திடீரென்று ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஒரு நேர்கோடாக நீளும். நொடிகளில் திரும்பவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பாய்போல் அடுக்காகிவிடும். டென்மார்க் நாட்டு ஓ. எஃப். முல்லர் 1780களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். டயாட்டம் என்ற பிரிவே உருவாகாத அந்தக் காலத்தில், இப்படி நகர்வதைப் பார்த்த யாருக்கும் இது விலங்கா தாவரமா என்ற சந்தேகம் வந்திருக்கும். உயிருள்ள செல்லில் நிறமிகளின் வடிவம், எண்ணிக்கை, செல்கள் சங்கிலியாகும் விதம், தண்டு வைத்து ஒட்டுகிறதா, சேற்றில் ஊர்கிறதா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

அடுத்த கட்டம் அமிலம். மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் செல்லுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள் முழுக்க எரிந்து, சிலிக்கா மட்டும் தங்கும். சில மாதிரிகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். படியவிட்டு, மேல்நீரை இறுத்து, மறுபடி நீர் ஊற்றி, அமிலத்தின் சுவடே இல்லாமல் போகும்வரை இதே வேலை. அவசரப்பட்டுச் சாய்த்தால் மிகச் சிறிய இனங்கள் மேல்நீரோடு போய்விடும். அவை போனதே தெரியாது. கழுவி முடித்ததில் ஒரு துளியைக் கவர்ஸ்லிப்பில் விட்டு, அசையாமல் காயவைப்போம். நன்றாகக் காய்ந்த கவர்ஸ்லிப்பில் வெள்ளைப் பூச்சு லேசாகப் படர்ந்திருக்கும்.

இந்தக் கூடு கண்ணாடி என்பதால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஒளியை வளைக்கும் திறனில் தண்ணீருக்கும் டயாட்டத்தின் சிலிக்காவுக்கும் பெரிய இடைவெளி இல்லை. தாவரவியல் கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் கனடா பால்சத்துக்கும் அப்படித்தான். ஒளிவிலகல் எண் நெருங்கி இருந்தால் கூடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். அதனால் எண் 1.7 அளவுக்கு உயர்ந்த பிசின்களில் டயாட்டத்தைப் பதிப்பார்கள். நாஃப்ராக்ஸ், ஹைராக்ஸ் போன்றவை. சூடான தகட்டில் ஸ்லைடை வைத்துப் பிசினின் கரைப்பான் குமிழிட்டு வெளியேறியதும், ஒரு குச்சியால் கவர்ஸ்லிப்பை மெல்ல அழுத்துவோம். நூறு மடங்கு லென்ஸை எண்ணெய்த் துளியில் இறக்கி முதன்முறை பார்த்தபோது கோடுகள் ஒவ்வொன்றும் கறுத்துத் தெளிந்து எழுந்தன. இந்த வேலையை விட்டு நான் விலகவே இல்லை என்பதற்குக் காரணம் அந்தப் பார்வை.

இனம் காண்பது எப்படி நடக்கிறது என்பதற்கு வெள்ளாற்றில் எங்கும் கிடைக்கும் இரண்டு பேரினங்களைச் சொல்லலாம்: கைரோசிக்மா, ப்ளூரோசிக்மா. இரண்டும் படகு வடிவம். இரண்டிலும் நடுப்பிளவு இலேசாக எஸ் எழுத்துப்போல் வளையும். மேலோட்டமாகப் பார்த்தால் பிரிக்க முடியாது. ஃபோக்கஸை மெல்லத் திருப்பிக் கோடுகள் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கைரோசிக்மாவில் ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கில் என்று இரண்டு திசைகளில் கோடுகள் வெட்டிக்கொள்ளும். ப்ளூரோசிக்மாவில் மூன்று திசைகள்: குறுக்கே ஒன்று, சாய்வாக இரண்டு. பேரினம் இப்படித் தெரிந்த பிறகு இனத்துக்கு வர வேண்டும். நீளம், அகலம், நுனியின் வடிவம், பத்து மைக்ரோமீட்டர் தூரத்தில் எத்தனை கோடுகள் என்ற எண்ணிக்கை, நடுப்பகுதியில் விட்டிருக்கும் வெற்றிடம் ஆகிய எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்வோம்.

கோடு எண்ணுவதற்கும் எல்லை இருக்கிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கி மிகச் சிறந்த நிலையிலும் ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளிவரைதான் பிரித்துக் காட்டும். பத்து மைக்ரோமீட்டரில் நாற்பது கோடு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மைக்ரோமீட்டர். அதற்கு மேல் நெருங்கிவிட்டால் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கி செய்தவர்கள் தங்கள் லென்ஸின் தரத்தைச் சோதிக்க ப்ளூரோசிக்மா அங்குலேட்டத்தைப் பார்ப்பார்கள். அதன் புள்ளிகள் பிரிந்து தெரிந்தால் லென்ஸ் நல்லது. கருவியை வைத்து உயிரை அளந்த காலத்திலேயே உயிரை வைத்துக் கருவியையும் அளந்திருக்கிறார்கள்.

அளவை நம்புவதில் டயாட்டம் வைக்கும் பெரிய சோதனை வேறு. செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு சேய்ச்செல்லும் தாயின் ஒரு பாதிக்கூட்டை வாங்கிக்கொண்டு, அதற்குள் பொருந்தும்படி உள்பாதியைப் புதிதாகக் கட்டுகிறது. உள்பாதி எப்போதும் சற்றுச் சிறியது. தலைமுறை போகப் போகச் சராசரி அளவு குறைந்துகொண்டே வரும். மெக்டொனால்டும் ஃபிட்சரும் தனித்தனியே 1869இல் இதைச் சொன்னார்கள். சுருங்கும்போது நீளம் வேகமாகக் குறையும், அகலம் அவ்வளவாகக் குறையாது. நீண்டு மெலிந்திருந்த செல் கடைசியில் குட்டையாகி, நுனி மழுங்கி, வேறோர் இனம்போலவே ஆகிவிடும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் பாலினப் பெருக்கம் நடந்து, ஆக்சோஸ்போர் என்ற, கண்ணாடிக் கூடு இல்லாத செல் உப்பி வளர்ந்து, பழைய முழு அளவை மீட்டுக்கொள்ளும்.

இந்த ஆக்சோஸ்போர் உண்டாவதைச் சென்னையிலேயே மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் உண்டு. எம். ஓ. பி. ஐயங்காரும் அவருடைய மாணவர் ஆர். சுப்பிரமணியனும் 1940களில் சைக்ளோடெல்லா மெனெகினியானாவில் குன்றல் பகுப்பும் ஆக்சோஸ்போரும் எப்படி நிகழ்கின்றன என்று எழுதினார்கள். சைக்ளோடெல்லா நம் குளத்திலும் குட்டையிலும் சாதாரணமாகக் கிடைப்பது. ஆனாலும் அதன் உட்கருவில் நடப்பதை வரிசை மாறாமல் பின்தொடர்ந்து வரைவதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பது அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு பேராசிரியர் எங்களுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தினார். எந்த இனத்தையும் ஒற்றை மாதிரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே ஸ்லைடில் பெரியது தொடங்கிச் சிறியது வரைக்கும் வரிசையாகத் தேடி, கேமரா லூசிடா என்ற வரைகருவியில் எல்லாவற்றையும் ஒரே அளவீட்டில் வரைய வேண்டும். வரைந்து முடித்து அடுக்கிப் பார்த்தால் மூன்று இனமென்று தோன்றியது ஒன்றாகும். ஒன்றென்று தோன்றியது சிலவேளை இரண்டாகவும் பிரியும்.

வரைந்து பெயரும் எழுதிக்கொண்டு யார் போனாலும் பேராசிரியர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஸ்லைடு எங்கே?" பெயர் சரியா என்பதைப் பிறகு பார்ப்பார். இந்தப் பெயரை எந்தச் செல்லுக்குச் சொல்கிறாய், அதை என் கண்ணால் பார்க்க முடியுமா என்பதுதான் அவருக்கு முக்கியம். ஸ்லைடின் கண்ணாடியில் வைர முனைப் பென்சிலால் எண் கீற வேண்டும். பெயர்ச்சீட்டில் இடம், தேதி, எதிலிருந்து எடுத்தது, நீரின் உப்பு அளவு, எடுத்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். வரைந்த செல் ஸ்லைடின் எந்த மூலையில் இருக்கிறது என்று நுண்ணோக்கி மேடையின் அளவுகோலைப் பார்த்துக் குறித்துவிட வேண்டும். கழுவாத மாதிரியில் கொஞ்சம் சிறு குப்பியில் ஃபார்மலினோடு தனியாக இருக்க வேண்டும். அந்தக் கண்டிப்பின் முழு அர்த்தம் விளங்க எனக்குப் பல ஆண்டு ஆயிற்று.

புத்தகங்கள் பக்கம் வருகிறேன். கடல் இனங்களுக்கு எங்களுக்கு அடிப்படை, சுப்பிரமணியன் 1946இல் சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டங்களைப் பற்றி இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் எழுதிய நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட கட்டுரை. நன்னீருக்கு ஜி. வெங்கட்ராமன் 1939இல் தென்னிந்திய டயாட்டங்களைப் பற்றி எழுதியது. நான் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் டி. வி. தேசிகாச்சாரியின் டயாட்டம் அட்லஸ் 1986 முதல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. மெட்ராஸ் சயன்ஸ் ஃபவுண்டேஷன் வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் ஒளிப்படங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும். நூலகத்து மேசையில் அதை விரித்து வைத்து, பக்கத்தில் என் வரைபடங்களைப் பரப்பி ஒப்பிட்ட மாலைகள் என் வாழ்வில் மிக நிறைவானவை. நம் கடலைப் பற்றி நம் ஊரில் ஒருவர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்திருக்கிறார் என்ற எண்ணமே முதுகைத் தட்டிக் கொடுத்தது.

நன்னீரில் நிலைமை வேறு. கொடைக்கானல், நீலகிரி ஓடைகளில் மாதிரி எடுக்கத் தொடங்கியபோது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் புரட்டப்பட்ட நூல்கள் க்ராம்மரும் லாங்கே-பெர்ட்டலோட்டும் 1986 முதல் 1991 வரை ஜெர்மன் மொழியில் எழுதிய நான்கு தொகுதிகள். ஒப்பற்ற உழைப்பு. ஆனால் அவை மத்திய ஐரோப்பாவின் நன்னீர்ப் பாசிகளைப் பற்றியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அமில நீரோடையில் கிடைத்த யூனோஷியா என்ற டயாட்டத்தை அந்தப் படங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பொருந்தும். நுனி சற்று அதிகமாக வளைந்திருக்கும், கோடுகள் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கும். டயாட்டங்கள் நுண்ணியவை, காற்றிலும் பறவைக் காலிலும் உலகெங்கும் போய்விடும், ஆகவே எல்லா இடத்திலும் ஒரே இனங்கள்தான் என்று அன்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இருந்தால் "ஏறக்குறைய" போதும். ஐரோப்பியப் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இப்படி எழுதப்பட்ட பட்டியல்கள் இந்தியாவில் ஏராளம். ஹெச். பி. காந்தி அந்தப் பாதையில் போகாதவர். ஜோக் அருவிப் பகுதி, மேற்கு இந்திய நீர்நிலைகள் என்று 1950களிலிருந்து தேடி, வேறுபட்டவற்றை வேறுபட்டவை என்றே வரைந்து, பல புதிய இனங்களை விவரித்தார். எந்தெந்தத் தண்ணீரில் எடுத்தவை என்பதையும் தெளிவாக எழுதினார். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் டயாட்டங்களை ஆராய்கிறவர்கள் அவருடைய கட்டுரைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

"ஏறக்குறைய" என்பது எவ்வளவு விஷயத்தை மூடி மறைக்கும் என்பதற்கு எடின்பரோ நகரத்துக் குளம் ஒன்று சாட்சி. செல்லஃபோரா பூபுலா என்ற நன்னீர் டயாட்டம் உலகெங்கும் கிடைப்பதாகப் பதிவானது. வடிவ வேறுபாடு நிறைய உள்ள இனம் என்றும் எழுதிவைத்திருந்தார்கள். டேவிட் மான் என்ற ஆய்வாளர் அங்குள்ள பிளாக்ஃபோர்டு குளத்துச் செல்களைத் தனித்தனியாக வளர்த்து, எது எதோடு சேர்ந்து பெருகுகிறது என்று பார்த்தார். வடிவில் சிறிதே வேறுபட்டவை பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தாலும் கலக்கவில்லை. 2004இல் அவரும் சகாக்களும் அந்தக் கூட்டத்திலிருந்து ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். அதைப் படித்த நாளில் வீராணம் ஏரியிலிருந்தும் வாய்க்கால்களிலிருந்தும் நான் எடுத்து வைத்திருந்த செல்லஃபோரா ஸ்லைடுகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். பட்டியலில் ஒரே பெயராக நின்றவை ஸ்லைடில் பலவாக இருந்தன. ஸ்லைடு இருந்ததால் பார்க்க முடிந்தது.

இதைவிட என்னை உலுக்கியது ஸ்கெலிட்டோனீமா காஸ்டேட்டத்தின் கதை. கடற்கரை நீரில் இதைப் போலச் சாதாரணமானது இன்னொன்று இல்லை. எங்கள் குறிப்பேடுகளில் வாராவாரம் வரும் பெயர். எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிரெவில் 1866இல், ஹாங்காங்கிலிருந்து வந்த மாதிரியை வைத்து இதை முதலில் விவரித்தார். அந்த ஆண்டே அவர் இறந்தும் போனார். ஏறக்குறைய 140 ஆண்டு கழித்து அட்ரியானா ஜிங்கோனேயும் சகாக்களும் கிரெவிலின் அதே மாதிரியைத் தேடியெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதற்குள் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்றுக்குப் பழைய பெயரே நின்றது. மற்றதற்குக் கிரெவிலின் பெயரையே வைத்தார்கள். அதே காலத்தில் டயானா சார்னோ முதலானோர் இந்தப் பேரினத்தில் மேலும் நான்கு புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். உலகெங்கும் ஒற்றைப் பெயரில் பதிவான எத்தனையோ கட்டுரைகள் அன்றோடு கேள்விக்குறி ஆயின. எந்த இனத்தைப் பார்த்து அந்தப் பெயரை எழுதினார்கள் என்று இனிச் சொல்ல வேண்டுமானால் அவரவர் ஸ்லைடைத்தான் கேட்க வேண்டும். கிரெவிலுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அவர் வைத்துவிட்டுப் போன மாதிரி, அவரால் கேட்கவே முடியாத கேள்விக்குப் பதில் சொன்னது.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் ஆயுள் முழுக்க நன்னீர் டயாட்டங்களை ஆராய்ந்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். மரப்பெட்டிகளில் அவருடைய ஸ்லைடுகள் ஆய்வுக்கூட அலமாரியில் இருந்தன. கட்டடம் புதுப்பித்தபோது அலமாரியைக் காலி செய்தவர்கள் பழைய சாமானோடு அவற்றையும் போட்டுவிட்டார்கள். அவருடைய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றில் உள்ள பெயர்களில் எவை இன்றும் நிற்கும், எவை பிரியும் என்று பார்க்க வழி இல்லை. அவர் மாதிரி எடுத்த ஏரிகளில் இரண்டு இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அந்த ஏரிகளின் தண்ணீரில் என்ன வாழ்ந்தது என்று காட்ட இருந்த ஒரே சான்று அந்தப் பெட்டிகள். அந்தச் செய்தி கேட்ட நாளின் வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பெயர் சரியாக இருந்தால்தான் என்ன, தவறாக இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு 1987இல் கனடாவில் நடந்ததைச் சொல்வேன். பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிடித்த மட்டிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றலே போயிற்று. மட்டிகள் தின்ற டயாட்டம் சுரந்த டோமோயிக் அமிலம்தான் காரணம். அந்த டயாட்டத்துக்கு இன்றைய பெயர் சூடோ-நிட்சியா மல்டிசீரிஸ். அதற்கு மிக நெருங்கிய உறவான சூடோ-நிட்சியா பஞ்ஜென்ஸ் ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் அதே உருவம்: ஊசி போன்ற செல்கள், நுனியோடு நுனி படிந்து நீளும் சங்கிலி. ஒரு கோட்டுக்குள் துளைகள் இரண்டு வரிசையா, மூன்று நான்கு வரிசையா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணித்தான் பிரிக்க முடியும். நம் கரையோர நீரிலும் இந்தப் பேரினச் சங்கிலிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் எது எது என்று தெரிந்துவைத்திருப்பது மட்டியும் சிப்பியும் சாப்பிடுகிறவர்களின் உடல்நலத்தோடு நேரடியாகச் சேர்ந்த விஷயம்.

நன்னீரில் பயன் இன்னும் அன்றாடமானது. சாக்கடை கலந்த நீரில் நிட்சியா பேலியா பெருகும். தெளிந்து ஓடும் ஆக்ஸிஜன் நிறைந்த ஓடையில் அக்னாந்திடியம் மினுட்டிசிமம் கற்களை மூடும். அமெரிக்காவில் ரூத் பேட்ரிக் 1948இல் பென்சில்வேனியாவின் கோனெஸ்டோகா ஆற்றுப் படுகையை ஆராய்ந்து, ஆற்றில் எத்தனை இனங்கள் எந்த விகிதத்தில் வாழ்கின்றன என்பதே அதன் உடல்நிலையைச் சொல்லும் என்று காட்டினார். இன்று ஐரோப்பாவில் ஆறுகளின் தரத்தைக் கணக்கிட, ஸ்லைடில் சில நூறு டயாட்டக் கூடுகளை எண்ணுவது வழக்கமான முறை. ரசாயனச் சோதனை மாதிரி எடுத்த நேரத்தின் நீரைச் சொல்லும். கல்லில் ஒட்டி வாழும் டயாட்டம் கடந்த பல வாரங்களின் நீரைச் சொல்லும். இரவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டுப் போனாலும் அந்தக் கூட்டத்தில் தடயம் இருக்கும். ஆனால் இந்தக் கணக்குகளெல்லாம் ஐரோப்பிய இனங்களின் இயல்பை வைத்துப் போடப்பட்டவை. பாலாற்றுக்கும் நொய்யலுக்கும் அவற்றை அப்படியே பொருத்துவதற்கு முன், இங்குள்ளவை எவை, அவை எந்த நீரைத் தாங்கும் என்று இங்கேயே பார்த்து எழுத வேண்டும்.

இப்போது என்னிடம் வரும் இளைஞர்கள் டிஎன்ஏ பற்றிப் பேசுகிறார்கள். ஒரு குவளை நீரை வடிகட்டி, ஆர்பிசிஎல் மரபணுவின் வரிசையைப் படித்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெயர்களை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வடிவத்தில் மறைந்து கிடந்த எத்தனையோ இனங்களைப் பிரித்துக் காட்டியது அந்த முறையே. ஆனால் கணினி அந்த வரிசைக்குப் பெயர் சொல்வது, முன்பு யாரோ ஒருவர் ஒற்றைச் செல்லை வளர்த்து, கூட்டைப் பார்த்து, பெயரிட்டு, வரிசையோடு சேர்த்து வைத்த ஒப்பீட்டுத் தொகுப்பிலிருந்து. நம் நீர்நிலைகளிலிருந்து அந்தத் தொகுப்பில் சேர்ந்தவை சொற்பம். அதனால் வெப்பமண்டல மாதிரிகளுக்குப் பதில் வராமலே போகிறது, அல்லது எங்கோ குளிர்நாட்டு உறவினரின் பெயர் வருகிறது. "ஏறக்குறைய" என்ற பழைய பழக்கம் இயந்திரத்தின் வழியாகத் திரும்பி வருகிறது.

ஆகவே அவர்களிடம் என் பேராசிரியர் கேட்டதையே நானும் கேட்கிறேன். எந்த முறையில் பெயர் கண்டாலும் அந்த மாதிரியின் ஒரு பங்கைக் கழுவி ஸ்லைடு செய்து வையுங்கள் என்கிறேன். உறுதியாகத் தெரியாத இனத்துக்கு நெருங்கிய பெயரை ஒட்டவைக்காமல், எதைப் போன்றது, எதில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள் என்கிறேன். தனி மனிதர் அலமாரி போதாது. தமிழ்நாட்டின் ஆறு, ஏரி, கழிமுகங்களின் டயாட்ட ஸ்லைடுகளுக்கென்று எண்ணிட்டுப் பராமரிக்கும் பொதுக் காப்பகம் ஒன்று வேண்டும். 2004 முதல் சென்னை மக்கள் குடிப்பது வீராணத்துத் தண்ணீரையும்தான். அந்த ஏரியில் இன்று எடுக்கும் துளியைப் பல தலைமுறை கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்து, நாம் சொன்னது சரியா, நாம் காணாதது என்ன என்று சொல்ல முடிய வேண்டும். இதற்குக் கண்ணாடித் தகடும், கொஞ்சம் பிசினும், மங்காத மையில் எழுதிய பெயர்ச்சீட்டும், பூட்டுள்ள மரப்பெட்டியும் வேண்டும். எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகும் செலவு இது. இந்த ஆண்டே தொடங்கலாம்.